பின்னால் செருமன் வருது

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்குப் பேர் வைக்க யாரும் புரோகிதரைக் கூப்பிடுவதில்லை. எவன் வாங்குகிறானோ அவன் பேரே காய்க்கும் வந்துவிடும். பம்பாய்க்காரர் வாங்கும் நடுத்தரக் காய் ‘பம்பாய்’. கோயில் மடைப்பள்ளிக்குப் போகும் பொடிக் காய் ‘சாமி’. மலையில் விளைவதிலேயே பருத்ததாக, பச்சை மாறாததாகப் பொறுக்கி, காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி மூட்டை கட்டும் முதல் தரத்தைக் கொச்சியிலிருந்த ஒரு ஜெர்மனிக் கம்பெனி வருஷம் தவறாமல் வாங்கியது. அதனால் அதற்குப் பேர் ‘செருமன்’. வேறு எந்த நாட்டுக்காரனும் காம்பு கிள்ளச் சொல்லிக் கேட்டதில்லை. அவர்கள் ஊரில் காயை ரொட்டியில் இட்டுச் சுடுவார்களாம், காம்பு பல்லில் குத்துமாம். பல்லுக்கு அவ்வளவு பயப்படுகிறவர்கள் எப்படித்தான் சண்டைக்குப் போனார்களோ தெரியவில்லை.

போனார்கள். கொச்சிக் கம்பெனியைச் சர்க்கார் பூட்டி முத்திரை வைத்தது. அதிலிருந்த வெள்ளைக்காரர்களை எங்கோ கொண்டுபோய் அடைத்தது. பகை நாட்டுக்காரனோடு வியாபாரம் செய்தால் ஜெயில் என்று போடிச் சந்தையில் தமுக்கடித்தார்கள். அந்தப் புரட்டாசியில் எம்டன் கப்பல் சென்னைப் பட்டணத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன சேதி வந்ததும், கடலையே பார்க்காத எங்கள் ஊர்க்காரர்கள் நகைநட்டைப் பானையில் போட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். சிலர் புதைத்த இடத்தை மறந்துவிட்டு, எம்டன்தான் எடுத்துப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டும் திரிந்தார்கள்.

ஊரில் செருமன் காயை அதிகம் விற்றவர் ஜக்கையன் நாயக்கர். சிலமலையில் நிலம், போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி. கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தராசுத் தட்டில் விரல் வைக்காதவர். ஆனால் வியாபாரிக்கு உள்ள ஒரு குணம் அவரிடமும் இருந்தது: ஒரு விஷயம் தெரியாமல் இருப்பது லாபம் என்றால், தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுவார்.

தமுக்கடித்த மறுநாளே அவர் தம் ஆட்களைக் கூப்பிட்டு, “இனிமே ஒருத்தனும் செருமன்னு சொல்லப்படாது. பெருங்காய்னு சொல்லுங்க” என்றார். இரண்டொரு நாள் சொல்லிப் பார்த்தார்கள். பெருங்காய் கொண்டா என்று சொல்லி அனுப்பியதற்கு, ஒருவன் செட்டியார் கடையில் ஒரு கட்டிப் பெருங்காயம் வாங்கி வந்து நீட்டினான். கிட்டங்கியே சிரித்தது. பிறகு பழைய பேரே திரும்பி வந்துவிட்டது. நாக்குக்கு யார் தமுக்கடிப்பது?

முதல் வருஷம் அந்தக் காயைக் கேட்பாரில்லாமல் பம்பாய் விலைக்கே தள்ளினார் ஜக்கையன். மறு வருஷம் ஐப்பசியில் தூத்துக்குடியிலிருந்து ராஜாராம் என்று ஒரு ஏஜெண்டு வந்தார். ஜரிகைத் தலைப்பாகை, வெற்றிலைச் சிரிப்பு, கையில் சர்க்கார் முத்திரை விழுந்த அனுமதி. சரக்கு ஆலந்து தேசத்துக்கு. ஹாலந்தைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள். ஜெர்மனியை ஒட்டிய நாடு, ஆனால் சண்டையில் சேராதது, எந்தத் தடையும் கிடையாது.

“நல்ல பருத்த காயா வேணும் நாயக்கரே. பச்சை குறையக் கூடாது. அப்புறம்...” என்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார் ராஜாராம். “காம்பு கிள்ளியிருக்கணும்.”

ஜக்கையன் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆலந்துக்காரனுக்கும் பல் கூசுமோ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழைய விலைக்கு மேலேயே கொடுக்க அந்த ஆள் தயாராக இருந்தார்.

ராஜாராம் வேறு சிலவும் விசாரித்தார். இந்தப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்கு எத்தனை பேர் போனார்கள், எந்த மாதம் ரயில் ஏற்றினார்கள், அடுத்த கூட்டம் எப்போது. துருப்பு ஏறும் கப்பலில் சரக்குக்கு இடம் கிடைக்காது, அதனால்தான் கேட்கிறேன் என்றார். நியாயமான காரணம்தான். ஆனால் வியாபாரியின் கேள்வியும் வேவுகாரனின் கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கும், பதில் சொல்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஜக்கையன் தெரிந்ததைச் சொன்னார். பிச்சைமணியின் மச்சினன் சோலை, கோவேறு கழுதை ஓட்டும் பட்டாளத்தில் சேர்ந்து பஸராவுக்குப் போயிருப்பதையும் சொன்னார்.

பிச்சைமணி, ஜக்கையனின் சுமைக்கூட்டத்துக்குத் தலைவன். மலையேறிப் போய்த் தோட்டங்களில் காய் வாங்கி, பொதிமாட்டிலும் ஆள் தலையிலும் ஏற்றிப் போடிமெட்டு வழியாக இறக்கிக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. அவன் மனைவி மருதாயி கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். சோலை அவளுடைய ஒரே தம்பி. அவள்தான் வளர்த்தாள்.

கார்த்திகையில் ஒரு வதந்தி கிளம்பியது. அடைத்து வைக்கக் கொண்டுபோன ஜெர்மனிக்காரன் ஒருவன் வழியில் தப்பி ஏலக்காட்டுக்குள் புகுந்துவிட்டானாம். சர்க்கார் உடனே மலையடிவாரத்தில் முந்தலுக்கருகே ஒரு காவல் கொட்டகை போட்டது. அதற்கு வந்த இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஏலக்காயைப் பாயசத்தில் மட்டுமே பார்த்தவர்.

ஒரு நாள் மலை மேல் மழை. பிச்சைமணி பொதிகளை மரத்தடியில் நிறுத்தி மூடச் சொல்லிவிட்டு, கிட்டங்கியைத் திறந்து வைப்பதற்காகத் தான் மட்டும் முன்னால் இறங்கி வந்தான். கொட்டகையில் ஒரு காவல்காரன் மறித்தான்.

“பின்னால யாரும் வர்றாங்களா?”

“ஆளு முக்கியமில்ல சாமி. பின்னால செருமன் வருது” என்றான் பிச்சைமணி.

வருது என்றானே தவிர, வர்றான் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பிடிக்காத மனுஷனையும் அது, இது என்றுதானே சொல்லுவோம். காவல்காரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்.

“எங்கய்யா இருக்கு?”

“மழைக்கு ஒதுங்கிக் கெடக்கு. நனையாமப் பொத்திக் கொண்டாறாங்க.”

“கொண்டாந்து?”

“எங்க மொதலாளி மச்சுல போட்டுப் பூட்டிருவாரு. வெயிலு வெளிச்சம் படப்படாது. பட்டா நெறம் வெளுத்துப் போகும்ல.”

அவ்வளவுதான். அவனைத் தூணில் கட்டினார்கள். இன்ஸ்பெக்டர் துப்பாக்கிக்காரர்களை வழி நெடுகப் புதரில் உட்கார வைத்தார். சற்று நேரத்தில் பொதிமாடுகள் மணி குலுங்க இறங்கி வந்தன. வெள்ளைக்காரனைப் பிடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் மாட்டை அதட்டி, வெரசாக வழியை விட்டு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். செருமன் அவர்கள் மூக்குக்கு முன்னாலேயே கமகமவென்று மணத்துக்கொண்டு போடிக்குப் போய்ச் சேர்ந்தது.

செருமன் என்பது காய் என்று பிச்சைமணி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். ஏலக்காய்க்கு எவனாவது பகைநாட்டுக்காரன் பேரை வைப்பானா என்று இன்ஸ்பெக்டர் இரண்டு அறை விட்டார். அப்படியே இருந்தாலும் உன் முதலாளி வந்து சொல்லட்டும் என்றார்.

முதலாளிக்குச் சேதி அன்று மத்தியானமே வந்தது. கொண்டுவந்தவள் மருதாயி.

“நீங்க ஒரு எட்டு வந்து, அது காய்தான்னு சொன்னா விட்டுருவாக மொதலாளி.”

“வர்றேன் ஆத்தா. இந்தா, மேல்துண்டை எடுத்துக்கிட்டு வர்றேன்” என்றார் ஜக்கையன்.

உள்ளே போனவர் மேல்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். போய்ச் சொல்லலாம். செருமன் என்றால் ஜெர்மனிக்காரன் வாங்கும் காய், அதனால் அந்தப் பேர் என்று சொல்லலாம். சொன்னால், கேட்கிறவன் முட்டாளாக இல்லாவிட்டால், அடுத்ததாக ஒரு கேள்வி கேட்பான்: சரி, அதை இப்போது யார் வாங்குகிறான்? ஏன் இன்னும் காம்பு கிள்ளுகிறாய்? மச்சில் ராஜாராமுக்கான மூட்டைகள் தயாராக இருந்தன. நாளை மறுநாள் வண்டி வந்துவிடும். அம்மையநாயக்கனூர் ரயிலடிக்குச் சரக்குப் போய்விட்டால் பிறகு யார் எதைக் கேட்டாலும் பாதகமில்லை.

வெளியே வந்து, “இன்ஸ்பெக்டர் வெளியூர் போயிருக்காராம். நாளைக்கிப் போவோம்” என்றார்.

அவள் நம்பினாள். மறுநாள் தலைவலி என்றார். அதையும் நம்பி, ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ரசத்தை அவரால் குடிக்க முடியவில்லை. மனசாட்சி உறுத்தியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உறுத்திக்கொண்டேதான் மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் ராஜாராம் வண்டிகளோடு வந்துவிட்டார். வண்டியில் ஏற்றப் பிச்சைமணி இல்லாமல் சுமைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். தலைவன் கொட்டடியில் இருக்கும்போது நாங்கள் சுமை தொட மாட்டோம் என்று ஒருவன் சொல்லியும்விட்டான். இனி வேறு வழியில்லை. இரண்டு கைப்பிடி காயை மடியில் கட்டிக்கொண்டு ஜக்கையன் முந்தலுக்கு நடந்தார். வருகிற கேள்விக்கு என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார்.

இன்ஸ்பெக்டர் காயை உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்த்தார். ஜக்கையன் பேரின் கதையைச் சொன்னார். கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் ரெண்டு நாளாய் ஒரு ஏலக்காயைப் பிடிக்கத் துப்பாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று மேலே எழுதினால் எனக்கு வேலை போய்விடும், நாயக்கரே” என்றார்.

ஜக்கையன் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. தாமாகவே சொன்னார்.

“இப்போது அந்தக் காய் யாருக்குப் போகிறது என்று உம்மையும் கேட்டிருப்பேன். ஆனால் காய்தான் என்றால் யாருக்கு விற்கிறீர்கள் என்று உம்முடைய ஆளிடம் நேற்றே கேட்டாயிற்று. எங்கள் முதலாளி எதிரிக்கு ஒரு காய் கொடுக்க மாட்டார் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டான். அதற்குமேல் நான் என்ன கேட்பது? இந்தக் காலத்தில் அப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம்.”

எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்தை எங்கள் ஊரில் கோர்ட்டுத் தீர்ப்புக்கு மேலாக மதிப்பார்கள். ஜக்கையனுக்கு அப்பாடா என்றிருந்தது. அதை மறைத்து என்ன? அந்த நிமிஷத்தில் அவருக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

பிச்சைமணியின் கன்னம் வீங்கியிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம். முதலாளி தாமே வந்து மீட்டதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம். தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“உங்க தலைவலி எப்படி இருக்கு மொதலாளி? மருதாயி கஞ்சி கொண்டாந்தப்பச் சொன்னா.”

“தேவலை.”

“எவ்வளவோ சொன்னேன், அந்தாளு நம்பல. ஒன் பிள்ளை மேல சத்தியம் பண்ணுன்னாரு. எனக்கேது பிள்ளை? எங்க சோலைதான் எங்களுக்குப் பிள்ளைன்னு சொல்லி, அவன் தலை மேல பண்ணிட்டேன். ஒரு காய் எதிரிக்குப் போனா அவன் பட்டாளத்துல இருந்து திரும்பப்படாதுன்னு சொல்லித்தான் அணைச்சேன்.” கொப்புளத்தை ஊதிக்கொண்டே நடந்தான். “நீங்க அப்படிச் செய்வீகளா? எனக்கென்ன பயம்?”

ஜக்கையன் நடையை எட்டிப் போட்டார்.

கிட்டங்கி வாசலில் பிச்சைமணியைக் கண்டதும் சுமைக்காரர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். “வெரசா ஏத்துங்கப்பா, பொழுது போகுது” என்று அவனே முண்டாசு கட்டிக்கொண்டு நின்றான். மூட்டைகள் வண்டிக்கு ஏறின. கடைசிச் சில மூட்டைகளே பாக்கி. அதில் ஒன்றின் தையல் பிரிந்து கொஞ்சம் காய் தரையில் கொட்டியது. பிச்சைமணி குனிந்து அள்ளினான். அள்ளியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காய்க்குக் காம்பு இல்லை.

“யாருக்கு மொதலாளி இது?”

“ஆலந்துக்கு” என்றார் ராஜாராம், ஜக்கையனுக்கு முந்தி. “சர்க்கார் அனுமதி இருக்கு. நீ ஏத்துப்பா.”

பிச்சைமணி மனைவியைப் பார்த்தான். “நீதான் கிள்ளுனியா?”

“கிள்ளச் சொன்னாக, கிள்ளுனேன்” என்றாள் மருதாயி. “யாருக்குன்னு நான் கேக்கல. கூலி குடுத்தாக. என்னங்க, ஏன் இப்படி உக்காந்துட்டீக?”

அவன் சொன்னான். கொட்டடியில் செய்த சத்தியத்தை, எவன் தலை மேல் செய்தான் என்பதைச் சொன்னான். மருதாயியின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. அவள் அழவில்லை. ஜக்கையனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஆலந்துக்காரன் காம்பு கிள்ளிக் கேப்பானா மொதலாளி?”

“சர்க்காரே முத்திரை வச்சிருக்கு ஆத்தா.”

“சர்க்கார் எந்தம்பி தலை மேலயா முத்திரை வச்சுச்சு?”

ராஜாராம் குறுக்கே வந்தார். “என்னம்மா இது? ஏலக்காய வச்சு எவன் பீரங்கி சுடப் போறான்? பாயசத்துல போடுறது. காய்க்கு ஏது பக்கம்?”

அவர் சொன்னது தப்பில்லை. ஏலக்காய் யாரையும் கொன்றதில்லை. ஆனால் அந்த வழியாக ஏலக்காய் மட்டுமா போகும்? அதே அனுமதிக் கையெழுத்தில் ரப்பர் போகும், தோல் போகும், கொப்பரை போகும், எந்தக் கூட்டம் எந்தக் கப்பலில் ஏறுகிறது என்ற பேச்சும் போகும். ஜக்கையனுக்கு அதெல்லாம் அப்போது விளங்கியது என்று நான் சொல்லவில்லை. சோலை எந்த மாதம் ரயில் ஏறினான் என்று இந்த மனுஷனிடம் தாமே வாயால் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது.

மருதாயி ராஜாராம் பக்கம் திரும்பவே இல்லை.

“மொதலாளி, வண்டி இன்னும் நம்ம வாசல்லதான் நிக்கிது. வண்டி கெளம்பாதவரைக்கும் அந்தச் சத்தியம் பொய்யில்ல. கெளம்புனா எந்தம்பி இல்ல. நீங்க என்ன செய்யப் போறீக?”

பேரை மாற்றிப் பார்த்து, தலைவலியை வரவழைத்து, இன்ஸ்பெக்டரையும் கடந்து வந்தவர் ஜக்கையன். சட்டம் என்பது அவருக்கு மலைப்பாதைச் சுங்கச் சாவடி மாதிரி, ஆள் அசரும்போது தாண்டிவிடலாம். ஆனால் சூடம் அணைத்த சத்தியத்தை எப்படித் தாண்டுவது? அதிலும் அந்தச் சத்தியம் தம்மை நம்பிச் செய்தது. நாமே போய் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் இந்தச் சத்தியத்துக்கே தேவை வந்திருக்காதே என்று நினைத்தபோது, அவருக்குத் தம் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“எறக்கு” என்றார்.

“நாயக்கரே, பேச்சுப் பேச்சா இருக்கணும். வாக்குக் குடுத்திருக்கீர்” என்றார் ராஜாராம்.

“உமக்குக் குடுத்தது வாயால. எறக்குங்கப்பா.”

பிச்சைமணி எழுந்திருக்கவில்லை. ஜக்கையனே வண்டியில் ஏறி முதல் மூட்டையை இழுத்துத் தள்ளினார். வயசான உடம்பு, மூட்டையோடு தாமும் விழப் பார்த்தார். பிறகுதான் மற்றவர்கள் கை கொடுத்தார்கள்.

ஊர் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ராஜாராம் அடுத்த தெருவில் வேறொரு வியாபாரியிடம் சரக்கெடுத்துச் சாயங்காலத்துக்குள் அதே வண்டிகளை நிரப்பிக்கொண்டு போனார். அங்கே யாரும் யார் தலை மேலும் சத்தியம் செய்திருக்கவில்லை. ஜக்கையனின் காய் மச்சில் கிடந்து நிறம் இறங்கியது. தானாகக் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துக்கொண்ட பைத்தியக்காரர் என்று அவர் சொந்தக்காரர்களே பேசினார்கள். போகட்டும், சோலை திரும்பி வந்தால் போதும் என்று அவர் பிச்சைமணியிடம் ஒருமுறை சொன்னார். அதை மனதாரத்தான் சொன்னார்.

மாசி மாதம் தாசில் கச்சேரியிலிருந்து ஆள் வந்தது. சோலை பஸராவில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான்.

ஜக்கையன் துக்கத்துக்குப் போகப் பயந்தார். ஒரு மூட்டை எங்காவது தெரியாமல் போய்விட்டதோ, பழைய காய் எதுவும் எதிரி கைக்குச் சேர்ந்திருக்குமோ என்று கிட்டங்கியிலேயே உட்கார்ந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து மருதாயியே வந்தாள். அவர் எழுந்து நின்றார். வைதால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு நின்றார்.

“அவன் ஐப்பசியிலேயே போயிட்டான் மொதலாளி. சேதி வரத்தான் இவ்வளவு நாளாச்சாம். இவரு சூடம் அணைச்சப்பவே எந்தம்பி இல்ல” என்றாள்.

அவர் மணையைக் காட்டினார், அவள் உட்காரவில்லை.

“அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அன்னிக்கு வண்டி போயிருந்தா, ஐப்பசியாவது கார்த்திகையாவது, எனக்கு ஒண்ணும் காதுல ஏறியிருக்காது. நீங்கதான் கொன்னீகன்னு சாகுற மட்டும் நெனச்சிருப்பேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன் ஆத்தா” என்றார் ஜக்கையன்.